நெட்டைப் போர்வை யாருக்கு, லெச்சுமி?

என் லெச்சுமிக்கு,

சாப்பிட்டுவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கனகராயன்குளத்தில் உன் வளவுக்குள் நாங்கள் கொட்டில் போட்டிருந்த காலம் முழுக்க, கிணற்றடியில் என்னைக் கண்டால் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்காமல் நீ வேறு கதை தொடங்கியதில்லை. பொய்க்காவது ஓம் என்று சொன்னால்தான் அடுத்த கதைக்கு வருவாய். இன்றைக்கு உண்மையாகவே சாப்பிட்டேன். புது அரிசிச் சோறும் பூசணிக்காய்க் கறியும்.

நாங்கள் உருத்திரபுரத்துக்குத் திரும்பி வந்துவிட்டோம். வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை, குசினிச் சுவரில் ஒரு ஆள் குனிந்து புகுந்து வரலாம் போல ஓட்டை. மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள், இவர் கொஞ்சம் விதைத்தார், அறுவடையும் முடிந்தது. நல்ல சேதி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உன்னோடு சண்டை பிடிக்கத்தான் எழுதுகிறேன்.

செத்தவளோடு என்னக்கா சண்டை என்று கேட்பாய். நீ செத்துப்போனதுதான் முதல் சண்டை. இரண்டாவது, அந்த நெட்டைப் போர்வை. அது இத்தனை வருசமும் என் மாமியிடம்தான் இருந்தது. என் புருசனைப் பெற்ற அந்த மனுசி அதைப் போர்த்துக்கொண்டு சுகமாக இருந்தார். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லவேண்டும் போல இருக்கிறது. இங்கே மாமி வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். சரியான கதையைச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

போருக்குப் பயந்து உருத்திரபுரத்திலிருந்து நாங்கள் ஓடி வந்த அன்று எங்களிடம் இருந்தது இவருடைய சைக்கிள், அதன் கரியரில் கட்டிய என் தையல் மெசின், ஒரு சூட்கேஸ், பின்னால் நடக்கமாட்டாமல் நடந்து வந்த மாமி. பள்ளிக்கூடத்துக்குள் இடமில்லை. மரங்களுக்குக் கீழேயும் இடமில்லை. நீதான் றோட்டுக்கு வந்து, "இங்க வாங்கக்கா, நாங்களும் ஒரு நாளு இப்பிடித்தான் மூட்டையோட வந்து நின்னோம்" என்று கூட்டிப்போனாய். தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வந்து, காட்டை வெட்டி, கிணறு தோண்டிக் குடியிருந்த குடும்பம் நீங்கள். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு இடம் தந்தாய்.

மாமி அன்று பின்னேரமே சட்டம் போட்டுவிட்டார். "பிள்ளை, தண்ணி நீ அள்ளிக்கொண்டு வா. அதுகளின்ர கையால வேண்டாம். தோட்டக்காட்டுச் சனம், என்ன சாதியோ ஆர் கண்டது."

மெதுவாகச் சொன்னாரா? இல்லை. நீ வாளியை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒன்றும் கேளாதவள் போல ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாய். உன் கிணறு, உன் வாளி, உன் கயிறு. இழுக்கிற கை மட்டும் என்னுடையதாக இருக்கவேண்டும்! உனக்குக் கோபமே வரவில்லையா, லெச்சுமி? வந்திருந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைத்தாய்?

அதற்குப் பிறகுதான் நிவாரணக்காரர் தையல் தெரிந்த பெண்களுக்கென்று ஒரு பெட்டி இறக்கினார்கள். நூற்கட்டை, ஊசி, கத்தரிக்கோல், அதோடு ஒரு பெரிய சுருள் வெள்ளைத் துணி. நெய்த துணியுமில்லை, கடதாசியுமில்லை. அதன் மேல் நீலக் கோட்டால் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டிருந்தது. ஒரு பக்கம் தடவினால் குறுமணல் மாதிரிச் சொரசொரவென்றிருக்கும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கணக்கு வாத்தியார், பிள்ளைகளுக்கு வரைபு கீற உதவும் என்று ஒரு முழம் வெட்டிக்கொண்டு போனார். பக்கத்து வளவுப் பெண் அதில் மகளுக்குச் சட்டை தைத்து, உன் கரி இஸ்திரிப்பெட்டியை இரவல் வாங்கி மினுக்கினாள். சட்டை பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை பெனியனோடு நின்று அழுதது.

பெட்டியின் அடியைச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்த நீதான் கண்டுபிடித்தாய். "ஏங்க்கா, இது பசைத்துணி. சட்டைக் கொலருக்குள்ள வச்சு ஒட்டுவாங்களே, அந்தச் சாமான். சூடு பட்டா பிடிச்சுக்குது." நீ தோட்டத்துத் துரை பங்களாவில் உடுப்பு மினுக்கின ஆள். கொலரைப் பற்றி உனக்குத் தெரியாததா?

சுருளைச் சுற்றி வந்த உறையில் ஒரு படம் இருந்தது. ஒரு வெள்ளைக்காரி கட்டத்துக்கு ஒரு துண்டாகச் சின்னச் சின்னத் துணிகளை அடுக்கி, மேலே மினுக்குகிறாள். பக்கத்தில் பல நிறத்தில் ஒரு போர்வை. எழுத்தெல்லாம் நமக்கு விளங்காத எழுத்து. படம் போதும் என்று நினைத்தோம்.

போர்வை என்றதும் நம் இரண்டு பேருக்கும் ஆசை வந்துவிட்டது. தைப் பனி வரப்போகிறது, வீட்டுக்கு வீடு மலேரியா. குளிர்காய்ச்சல் வந்தவர்கள் சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்கின காலம் அது. புளியங்குளம் சந்தித் தையல்கடையில் வெட்டி எறிகிற துண்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூட வெள்ளை, கோடன் சேட்டு, யாரோ ஒரு மணப்பெண்ணின் சட்டையில் மிஞ்சின சிவப்பு. காணாததற்கு, உன் மகள் சாந்திக்குக் குட்டையாகிப்போன நீலப் பூச் சட்டையையும் வெட்டினாய். அவள் பக்கத்தில் நின்று, "அம்மா, அந்தப் பூவை நடுவுல வைங்க" என்று எங்களுக்குக் கட்டளை போட்டாள்.

பசைப் பக்கம் மேலே பார்க்கத் துணியை விரிப்போம். கட்டத்துக்கு ஒன்றாகத் துண்டுகளை அடுக்குவோம். பிறகு நீ செம்பைத் தூக்கி, அண்ணாந்து வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, "பூ" என்று ஊதுவாய். துண்டுகளின் மேல் பனி விழுந்தது போல ஈரம் படியும். "ஈரம் வேணும்க்கா, அப்பத்தான் பிடிக்கும்" என்பாய். பிறகு கரிப்பெட்டி. அதற்குப் பிறகு என் வேலை. நீலக் கோட்டோடு கோடாக மடித்து, மடித்த ஓரத்தை மெசினில் ஓட்டுவேன். ஒவ்வொரு துண்டாகப் பிடித்துத் தைத்திருந்தால் மாதக்கணக்காகும். இது ஒரே ஓட்டில் ஒரு வரிசை முடியும். நீ மினுக்க, நான் தைக்க, நடுவில் சாந்தி ஊர்க்கதை சொல்ல, செல் விழுகிற சத்தம் கேட்டால் மூன்று பேரும் பங்கருக்குள் ஓட, திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்க... சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நான் அப்போது சந்தோசமாக இருந்தேன்.

முதல் போர்வைக்கு அளவு எடுத்தது நினைவிருக்கிறதா? "நான் படுக்கிறேன், என் நீளத்துக்கு அடுக்குங்கக்கா" என்று நீயே பாயில் நெட்டையாகப் படுத்துக்கொண்டாய். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சரியாக அடுக்கினோம். ஒட்டினோம். தைத்தோம். தைத்து முடித்து உன் மேல் போட்டால், கழுத்தை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் நெஞ்சு வெளியே. அகலமும் அப்படித்தான்.

ஒவ்வொரு மடிப்பும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் தின்கிறது என்று அந்த வெள்ளைக்காரியின் படத்தில் இல்லையே. தையல் பழகின எனக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். ஒரு சட்டைக்குத் தையலுக்கு விட்டு வெட்டத் தெரிந்தவள், அத்தனை மடிப்பும் சேர்ந்தால் என்னாகும் என்று யோசிக்கவில்லை. நீ அந்தக் குட்டைப் போர்வைக்குள் கிடந்து, கால்விரலை ஆட்டி ஆட்டிச் சிரித்தாய். சாந்தி உன் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டாவதைத் தையலுக்கு விட்டு அடுக்கினோம். பாயைத் தாண்டி, வாசல்படி வரை போயிற்று. ஊதி ஊதி உன் வாய் வலித்தது. பின்பக்கத்துக்கு மாச் சாக்கு, உள்ளே என்னுடைய பழைய நூல் சேலை. தைத்து முடிய அளவெடுத்த மாதிரி உனக்குச் சரியாக இருந்தது. சாந்தியின் நீலப் பூ நடுவில். அதற்கு நெட்டை என்று பெயர் வைத்தோம். அது உனக்கு என்றுதான் பேச்சு. பேச்சு அதுதானே, லெச்சுமி?

அந்தக் கிழமை மாமிக்குக் காய்ச்சல் வந்தது. பல்லுக் கிட்டி நடுங்கினார். நீ நெட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தாய். உன் கையாலேயே போர்த்து, காலடியில் செருகிவிட்டாய். சட்டம் பேச மாமிக்கு அப்போது வாய் வரவில்லை.

நான் உன்னைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, "அது உனக்கெண்டு தைச்சது. குட்டையைக் குடு, காணும்" என்றேன்.

"பாவம்க்கா உங்க மாமி, வயசானவங்க. எனக்குக் குட்டை போதும். நான் சுருண்டு படுத்துக்குவேன்."

சுருண்டு படுத்துக்குவேன்! இந்த ஒரு சொல்லை எத்தனை தரம் எனக்குள்ளேயே திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன் தெரியுமா?

மாமிக்குக் காய்ச்சல் விட்டது. எழும்பி உட்கார்ந்து, கஞ்சி குடித்து, போர்வையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுப்போமா என்று கேட்டேன். "துணி காய்ஞ்ச சாமான்தானே பிள்ளை. அதிலை ஒரு குற்றமும் இல்லை. இருக்கட்டும்" என்றார். தண்ணீருக்குக் குற்றம் உண்டு, துணிக்கு இல்லை. வசதியான சட்டம்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து தட்டுப்பாடு. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வெளியே விடுகிற பாஸ் வேண்டும், பாஸ் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றார்கள். உன் புருசன் மாரிமுத்து அண்ணன் கடைசியில் பொறுக்கமாட்டாமல் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் போட்டு உன்னை ஏற்றினார். நானும் ஏறினேன். குளிர் உன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. குட்டைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்தேன், உன் கால் வெளியே வந்தது. சாந்தி உன் இரண்டு பாதத்தையும் தன் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். புளியங்குளம் தாண்டவில்லை. அவள் மடியில் இருக்கும்போதே உன் பாதம் குளிர்ந்துபோயிற்று.

போர்வை மலேரியாவை மாற்றாது. அது எனக்குத் தெரியும், தெரியாமல் பேசவில்லை. நெட்டை இருந்திருந்தாலும் நீ செத்துத்தான் இருப்பாய். ஆனால் குளிராமல் செத்திருப்பாய். அது கூடவா உனக்குக் கிடைக்கக் கூடாது?

செத்தவீட்டுக்கு மாமி வரவில்லை. தனக்கு இன்னும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார், நெட்டையைப் போர்த்துக்கொண்டு. சாந்தி குட்டைப் போர்வையைத் தரச் சொல்லி அழுதாள். செத்தவள் போர்த்தது வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் அதை உன்னோடு சேர்த்து எரித்தார்கள். அதுதானே முறை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு உன்னுடையது என்று மிச்சம் இருப்பது நெட்டை ஒன்றுதான். அவளுக்கு அதைக் கொடுக்கவேண்டும் என்று நான் அன்றைக்கே இவரிடம் சொன்னேன். "அம்மா வயசான ஆள், கொஞ்ச நாள் விடு" என்றார். கொஞ்ச நாளில் ஆமி வந்தது. உன் ஆட்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் ஓடினோம். மாமி போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

எத்தனை ஊர், எத்தனை கொட்டில். எங்கே போனாலும், "என்ர மருமகள் தைச்சது, எங்கட யாழ்ப்பாணத்துக் கைவேலை" என்று அதை விரித்துக் காட்டுவார். உன் பெயர் ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. போன மார்கழியில் புதிதாக ஒன்று தொடங்கினார். "பிள்ளை, நான் கண்ணை மூடினால் இதைத்தான் என்ர மேல போடவேணும். இதோடதான் என்னைக் கொண்டுபோகவேணும்."

அன்று எனக்கு வயிறு எரிந்தது. இதுவும் எரிந்தால் சாந்திக்கு என்ன மிச்சம்? மாமி போகும்வரை காத்திருந்து பிறகு எடுத்துக் கொடுக்கலாம் என்றும் இல்லை. செத்தவர் போர்த்ததை ஒரு பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் மேலிருந்து எடுக்கவேண்டும். வேறு வழியில்லை.

இனித்தான் உனக்குத் தெரியாத கதை. எங்கள் வயலில் அரிவு வெட்ட உன் ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. உன் வீட்டார் எல்லாரும் கனகராயன்குளத்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அப்போதுதான் அறிந்தேன். கூட்டத்தில் ஒரு நெடுவல் பெட்டை தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "பெரியம்மா, என்னைத் தெரியலையா?" என்று சிரித்தாள். உன் பல், உன் சிரிப்பு. உன்னைவிட உயரம். கட்டிப் பிடித்து அழுதேன்.

தேத்தண்ணி ஊற்றும்போது கதிரையில் இருந்த மாமி, "அந்தப் பிள்ளைக்குத் தகரப் பேணியிலை குடு" என்றார். நான் கண்ணாடிக் கிளாசில் கொடுத்தேன். சாந்தி குடித்துக்கொண்டே நடந்து போய்க் கொடியில் காய்ந்த போர்வையைக் கண்டாள். நின்றுவிட்டாள். நடுக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"பெரியம்மா, இது என் சட்டை."

"என்ன உன்ர சட்டை?" என்று மாமி சத்தம் போட்டார். "என்ர மருமகள் தைச்ச போர்வை அது. கையை எடு."

அவள் கையை எடுத்தாள், லெச்சுமி. உன் மகள், உடனே, சுடுபட்டவள் போலக் கையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

"மாமி, இதை மினுக்கி ஒட்டினது இவளின்ர தாய். ஒவ்வொரு கட்டத்துக்கும் தன்ர வாயால தண்ணி எடுத்து ஊதித்தான் ஒட்டினவள். நீங்கள் குடிக்கமாட்டன் எண்ட தண்ணியைத்தான் இவ்வளவு காலமும் போர்த்துக்கொண்டு படுத்தனீங்கள்."

அரிவு வெட்ட வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர், "சனத்துக்கு முன்னால என்ன கதை இது?" என்று வயல் பக்கம் நழுவினார். மாமி என்ன கேட்டார் தெரியுமா?

"தோய்ச்சனீதானே, பிள்ளை?"

"ஓம் மாமி, தோய்ச்சனான். முதல் தோய்ச்சது அவளின்ர கிணத்திலதான்."

கொடியிலிருந்து போர்வையை இழுத்து, மடித்து, சாந்தியின் கையில் வைத்தேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் போர்வையைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். மாமி முந்தானையால் தோளை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பாவம் மாதிரி இருக்க அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வேணாம் பெரியம்மா. பாட்டி வயசானவங்க, குளிரும். நான் எப்பவும் சுருண்டுதான் படுத்துக்குவேன்."

அதே சொல். எங்கே படித்தாள் அதை? நீ சொன்னபோது அவள் பக்கத்தில் நின்றாளா? அல்லது உங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிறீர்களா இதை? எனக்கு வந்த கோபத்தில் அவளை அறையக் கை ஓங்கிவிட்டேன். அவள் பயப்படாமல், போர்வையை மாமியின் மடியில் வைத்து, கால்வரை இழுத்து மூடிவிட்டு, கூட்டத்தோடு போய்விட்டாள். மாமி அவளை வாழ்த்தவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. போர்வையை ஒருதரம் மூக்கருகே வைத்து மணந்து மட்டும் பார்த்தார்.

அன்று பின்னேரமே நான் அதை அவர் மேலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது என் சூட்கேஸுக்குள், பூட்டின பூட்டுக்குள் இருக்கிறது. மாமிக்கு இவர் உடுத்தின பழைய சாரங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், உள்ளே ஒரு சாக்கும் வைத்து. நீளம் காணும், பார்த்துத்தான் வெட்டினேன். அவர் என்னோடு கதைப்பதில்லை. இவரும் முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

உன்னை நல்லவள் என்று ஊரே சொல்லிற்று. செத்தவீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்லி அழுதார்கள். எனக்கு அந்தச் சொல் இப்போது கசக்கிறது. நீ நல்லவளாக இருந்ததில் மாமிக்கு உடம்பு சூடாக இருந்தது, உன் பிள்ளையின் மடி குளிர்ந்தது.

ஆனபடியால் கேள், லெச்சுமி. இந்தக் கிழமை பஸ் ஓடினால் பஸ்ஸில், இல்லாவிட்டால் சைக்கிளில், நெட்டையைக் கட்டிக்கொண்டு கனகராயன்குளம் வருகிறேன். உன் கிணற்றடியில் உட்காருவேன். உன் மகள் கையால் தண்ணீர் அள்ளித் தரச் சொல்லிக் குடிப்பேன். "இது என்னுடையது" என்று அவள் தன் வாயால் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு எழும்பமாட்டேன். உன்னைப் போல நல்லவளாக அவளை நான் வளரவிடமாட்டேன். இனி அவள் காலை நீட்டிப் படுக்கட்டும்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
புவனா